அடிபடாத தழும்பு

மூச்சை உள்ள இழுங்க, வெளிய விடுங்க, அப்படியே நிறுத்துங்க. ஸ்கேன் எடுக்கும் ஷீபாவின் குரல் காதுகளை மூடியிருக்கும் பொதிக்குள்ளிருந்து வருகிறது. நிறுத்துகிறேன். உடனே மெஷின் தட்டத் தொடங்குகிறது, உள்ளே ஆள் இருப்பது தெரிந்தும் திறக்காத கதவைத் தட்டுவதுபோல. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று எண்ணுகிறேன். பதினான்கில் நிற்கிறது. மூச்சு விடலாம் சார். விடுகிறேன். குழாயின் கூரை மூக்குக்கு ஒரு சாண் உயரத்தில் இருக்கிறது. கண்ணை மூடியே வைத்திருங்கள் என்று சொல்லியிருந்தாள், நான் ஒருமுறை திறந்துவிட்டேன், அதனால் இப்போது மூடினாலும் அந்தக் கூரை தெரிகிறது. வலது கையில் ஒரு ரப்பர் பந்து. பயமாக இருந்தால் அழுத்த வேண்டும். எவ்வளவு பயத்துக்கு அழுத்தலாம் என்று அவள் சொல்லவில்லை. நெஞ்சில் நான்கு இடத்தில் லீட் ஒட்டியிருக்கிறாள், மெஷின் துடிப்பை எண்ணி எண்ணிப் படம் எடுக்க. ஒட்டும்போது அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தாறு வருடமாகப் பெரிய ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி எடுக்கிறவன் நான், அடுத்தவர் லீட் வைப்பதைப் பார்க்காமல் இருக்க முடியாது. நன்றாகத்தான் ஒட்டினாள். முடியை மழித்துவிட்டு, ஈரத்தைத் துடைத்துவிட்டு, இடம் பார்த்து. “கூட யாரு சார் வந்திருக்கா?” என்று அப்போது கேட்டாள். யாரும் வரல என்றேன். “மோதிரம், வாட்ச், போன் எல்லாம் அவங்ககிட்ட குடுத்துட்டு வாங்கன்னு சொல்லத்தான் கேட்டேன்.” உங்ககிட்டயே குடுத்துரலாமா என்றேன். “நாங்க வாங்கக் கூடாது சார். அந்தப் பெட்டில வச்சுப் பூட்டி, சாவிய நீங்களே வச்சுக்கோங்க.” பூட்டினேன். சாவியும் இரும்பு, காந்த மெஷின் இருக்கும் அறைக்குள் அதைக் கொண்டுபோக முடியாது. இருவரும் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இந்த ஸ்கேன் சென்டரில் எல்லாரும் யாரோடாவது வருகிறார்கள் போலிருக்கிறது, தனியாக வருகிறவனின் சாவிக்கு இடம் யோசிக்கப்படவில்லை. கடைசியில் அவளே வாங்கி மேசை டிராயரில் போட்டாள். படிவத்தில் ‘உடன் வந்தவர்’ என்ற இடத்தில் ஏற்கெனவே ஒரு கோடு போட்டிருந்தேன். நேரான கோடு.

மறுபடியும் இழுங்க, விடுங்க, நிறுத்துங்க. தட்டல் இந்த முறை வேறு தாளத்தில். இதயத்தைக் குறுக்காகச் சீவிச் சீவிப் படம் எடுக்கிறது, பலாப்பழத்தைச் சுளை பார்க்க வெட்டுவது மாதிரி. டாக்டர் ஹமீதா சொன்னதை வரிசையாக நினைத்துப் பார்க்கிறேன், வரிசையாக நினைத்தால் நேரம் போகும். உங்க இதயத்துல நடுச்சுவர் இருபத்திரண்டு மில்லிமீட்டர் தடிச்சிருக்கு, பன்னெண்டுக்குள்ள இருக்கணும் என்றார். இது அடைப்பு இல்லை, கொழுப்பு இல்லை, நீங்கள் சாப்பிட்டதாலோ சாப்பிடாததாலோ வந்தது இல்லை, பிறக்கும்போதே கொண்டுவந்தது என்றார். தசை நார்கள் சீப்புப் பல் மாதிரி ஒரே திசையில் இருக்க வேண்டுமாம். எனக்குக் கலைந்து கிடக்கிறதாம். ஒன்றின் மேல் ஒன்று குறுக்கே விழுந்து, அப்படிக் கலைந்த இடத்தில் ரத்தம் சரியாகப் போகாமல் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்து, செத்த இடத்தில் தழும்பு விழுமாம். “எங்க அடிபட்டுது மேடம் தழும்பு விழுறதுக்கு?” என்றேன். “அடியே படாம விழும் இது” என்றார். அந்தத் தழும்பு வழியாக மின்சாரம் போக முடியாமல் சுற்றிக்கொண்டு வரும், என்றைக்காவது ஒருநாள் சுற்றில் மாட்டிக்கொண்டு இதயம் துடிப்பதற்குப் பதிலாக நடுங்கும், நடுங்கினால் மூன்று நாலு நிமிடம். இதை அவர் சொல்லவில்லை, எனக்குத் தெரியும், அந்த நடுக்கத்தைக் காகிதத்தில் எத்தனையோ முறை ஓடவிட்டிருக்கிறேன், பக்கத்தில் உறவினர்கள் நிற்க. தழும்பு எவ்வளவு என்று பார்க்கத்தான் இந்த ஸ்கேன். பதினைந்து சதவீதத்துக்கு மேல் என்றால் தோளுக்குக் கீழே, நடுங்கினால் ஷாக் கொடுத்து நிறுத்தும் ஒரு கருவி வைக்க வேண்டும். பிறகு பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்: “பிள்ளைங்க?” ஒரு பொண்ணு, இருபத்திரண்டு வயசு என்றேன். “அவங்களையும் கட்டாயம் பார்க்கணும். பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கு. என்ன செய்றாங்க?” படிக்கா என்றேன். படிக்கவில்லை. படிப்பு முடிந்து போன வருடமே போலீஸ் எழுத்துத் தேர்வு தேறிவிட்டாள். நாளை மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆயுதப்படை மைதானத்தில் நானூறு மீட்டர் ஓடுகிறாள். அதை நான் டாக்டரிடம் சொல்லவில்லை. ஓடுதா என்று சொல்வதற்கும் படிக்கா என்று சொல்வதற்கும் எழுத்து எண்ணிக்கையில் பெரிய வித்தியாசம் கிடையாது. வாய் இதைத் தேர்ந்தெடுத்தது.

நாளை மறுநாள் ஆறு மணி. இப்போது மூன்று இருக்கும். முப்பத்தொன்பது மணி நேரம். செண்பகப்பிரியா என்று அவள் அம்மா பெயர் வைத்தாள், நான் செம்பா என்பேன். எட்டாம் வகுப்பிலேயே ஓடத் தொடங்கிவிட்டாள். நிறுத்துங்க என்கிறாள் ஷீபா, நிறுத்துகிறேன். புது மெஷின் வந்தால் முதலில் அதை நம் உடம்பில் போட்டுப் பார்ப்பதுதான் எங்கள் வேலையில் வழக்கம். பெட்டியைப் பிரித்து, பேப்பர் ரோலை மாட்டி, நோயாளிக்கு வைப்பதற்கு முன்னால் டெக்னீஷியன் படுத்து, தனக்குத் தானே லீட் மாட்டி ஒரு சீட்டு இழுப்பான். கோடு சுத்தமாக வந்தால் கையெழுத்துப் போட்டு மெஷினை வாங்கிக்கொள்ளலாம். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அப்படி ஒரு மெஷின் வந்தது. படுத்தேன், கை கால்களில் கிளிப்பை மாட்டினேன், நெஞ்சில் ஆறு ரப்பர் குமிழையும் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்து வைத்தேன், பொத்தானை அமுக்கினேன். கோடு தாளை விட்டு வெளியே போனது. மேலே போனது தாளுக்கு மேலே, கீழே போனது தாளுக்குக் கீழே, நெஞ்சு லீட்களில் மேல்நோக்கி வளைய வேண்டிய அலை கிணறு மாதிரிக் குழிந்து கிடந்தது. மெஷின் அளவு தப்பு என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். அரசாங்க முத்திரையுடன், ‘கருவி பழுது’ என்று. கம்பெனியிலிருந்து ரிஸ்வான் என்று ஒரு எஞ்சினியர் பையன் அதே மெஷினைத் தூக்கிக்கொண்டு மதுரையிலிருந்து வந்தான். என் கட்டிலிலேயே சட்டையைக் கழற்றிப் படுத்து எடுத்துக் காட்டினான். அழகான கோடு, புத்தகத்தில் போடலாம். “மெஷின்ல ஒரு குறையும் இல்ல அண்ணாச்சி. நீங்க படுத்துக்கிட்டே உங்களுக்கு வச்சீங்கல்லா, குமிழு எறங்கிருக்கும். தானே தனக்கு சவரம் பண்ணுத மாதிரிதான இது, கண்ணாடி வேற இல்ல.” அறையில் இருந்த நர்ஸ்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அது சந்தோஷமாக இருந்தது என்று இப்போதுதான் ஞாபகம் வருகிறது, ஒரு கெட்ட செய்தி அடுத்த வீட்டு விலாசத்துக்குப் போய்விட்ட மாதிரி. அதற்குப் பிறகு இன்னும் மூன்று மெஷின் வந்தது. மூன்றிலும் என் சீட்டு அப்படித்தான். நானே வைத்தால் எனக்குச் சரியாக வராது என்று ஆகிவிட்டது. எல்லாருக்கும் சரியாக எடுப்பவன், தனக்கு எடுத்தால் வராது, கைராசி அப்படி, செம்பாவுக்கும் ஒருதரம் சரியாக வரவில்லை, என் வீட்டாருக்கு என் கை ஆகாது. இப்படிச் சொல்லிக்கொண்டே பன்னிரண்டு வருடம் போய்விட்டது. கைராசி என்பது மருந்து கொடுக்கிறவனுக்கு, கோடு இழுக்கிறவனுக்கு என்ன கைராசி.

“சார், இப்ப மருந்து ஏத்துறேன். கையில ஜில்லுன்னு இருக்கும்.” ஜில்லென்று முழங்கை மடிப்பில் ஏறி, தோளுக்கு வந்து, அப்புறம் எங்கே போனது என்று தெரியவில்லை. நாக்கில் பழைய காசை வைத்த ருசி. இனிப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டுமாம். மருந்து தசை முழுக்கப் போய், நல்ல தசையிலிருந்து வடிந்து வெளியேறிவிடும். தழும்பில் போனது மட்டும் வெளியேறாமல் தங்கிவிடும். படத்தில் நல்ல இடம் கறுப்பு, தழும்பு வெள்ளை. மெஷின் அடங்கிவிட்டது, எங்கோ ஒரு பம்பு மட்டும் சிட்டுக்குருவி மாதிரிக் கீச்சிடுகிறது. பத்து நிமிடம் சும்மா கிடப்பது எனக்குப் பழக்கம்தான். உலகு போய் ஏழு வருடம். உலகம்மாள் என் மனைவி, செம்பாவையும் கூட்டிக்கொண்டு தென்காசியில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். சண்டை என்று சொல்ல ஒன்றும் இல்லை. “உங்ககிட்ட எத கேட்டாலும் அப்புறம் பாக்கலாம்ங்கீங்க. நான் அப்புறமாவே வாரேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். குடித்தால், அடித்தால், ஊரில் யாராவது கூட்டி உட்கார்ந்து பேசிச் சேர்த்து வைப்பார்கள். பதில் சொல்லாதவனுக்குப் பஞ்சாயத்து கிடையாது. அப்பாவும் அதிகம் பேசமாட்டார். நாற்பத்தாறு வயதில் தச்சநல்லூர் ரோட்டில் சைக்கிளோடு விழுந்து கிடந்தார். லாரி தட்டிவிட்டுப் போயிருக்கும் என்றார்கள். லாரியைப் பார்த்தவர் யாரும் இல்லை, அப்பா மேல் ஒரு கீறலும் இல்லை. அறுக்க வேண்டாம் என்று சித்தப்பா கெஞ்சி உடலை வாங்கிக்கொண்டு வந்தார். லாரி என்றே வைத்துக்கொண்டோம், நம்பர் தெரியாத லாரி. இந்த ஏழு வருடத்தில் என் நெஞ்சை விரலால் தொட்டவர்கள் இரண்டு பேர். மூன்று வாரத்துக்கு முன்னால் ஈ.சி.ஜி டிராலியைத் தள்ளிக்கொண்டு சரிவுப் பாதையில் ஏறும்போது கண் இருட்டி விழுந்தேன், அப்போது லீட் வைத்த எஸ்தர் என்கிற பயிற்சி நர்ஸ் ஒன்று. இன்றைக்கு ஷீபா. எஸ்தர் படிப்பு முடிக்காத பிள்ளை, புத்தகத்தில் இருக்கிறபடி விலா எலும்பை ஒன்று இரண்டு என்று வாய்விட்டு எண்ணி எண்ணி வைத்தது. அப்படி யாரும் எனக்கு எண்ணியது இல்லை. சீட்டு வெளியே வந்தது. அதே கிணறு. டியூட்டி டாக்டர் சீட்டைத் தூக்கிப் பிடித்து, “யோவ், இதுக்கு முன்னாடி உமக்கு எடுத்ததே இல்லையா?” என்றார். வேறு யாரும் எடுத்ததில்லை என்றேன். அது பொய் இல்லை.

பத்து நிமிடம் முடிந்திருக்க வேண்டும். இழுங்க, விடுங்க, நிறுத்துங்க. தட்டல் தொடங்கி, தடுமாறி, நின்றது. மறுபடி. மறுபடி நின்றது. குரல் இல்லை. பந்தை அழுத்தலாமா என்று நினைப்பதற்குள் பலகை என்னை வெளியே தள்ளுகிறது, கால் பக்கமாக வெளிச்சம் வருகிறது, ஷீபா வந்து குனிகிறாள். இருபத்தைந்து வயது இருக்கும், நெற்றியில் வியர்வை, இந்தக் குளிரிலும். “சிக்னல் சரியா எடுக்கல சார். ஒரு துடிப்ப ரெண்டா எண்ணுது. லீட் விலகிருக்கும்னு நெனைக்கேன். மாத்தி ஒட்டிடுறேன்.” கை நெஞ்சுக்கு வருகிறது, ஒரு வட்டத்தின் ஓரத்தை நகத்தால் கிளப்புகிறாள். எனக்குத் தெரியும் ஏன் இரண்டாக எண்ணுகிறது என்று. அந்தக் கிணறு அவ்வளவு ஆழம், மெஷின் அதையும் ஒரு துடிப்பு என்று எடுத்துக்கொள்கிறது. அவள் மாற்றி ஒட்டினால் மறுபடி அப்படித்தான் வரும், மறுபடி மாற்றுவாள், மருந்து வடிந்து போகும், படம் கெடும், இன்னொரு நாள் வாங்க என்பார்கள். இன்னொரு நாள். அது எனக்கு எவ்வளவு வசதி. நாளை மறுநாள் கழிந்துவிடும், அவள் ஓடி முடித்திருப்பாள், தேறியிருப்பாள், எனக்கு எதுவும் உறுதியாகத் தெரியாமலே இருக்கும். “லீட் சரியாத்தான் இருக்கும்மா” என்றேன். அவள் நிமிர்ந்தாள். “எனக்கு அப்படித்தான் வரும். வேற லீட பாத்து எண்ணச் சொல்லி மெஷின மாத்து. நெஞ்சுல கைவைக்காத.” “நீங்க நம்ம லைனா சார்?” “ஈ.சி.ஜி.” “மொதல்லயே சொல்லிருக்கலாம்ல” என்று அந்த ஓரத்தை அழுத்தி ஒட்டிவிட்டுப் போனாள். மொதல்லயே சொல்லிருக்கலாம். பலகை என்னை மறுபடி உள்ளே இழுத்துக்கொள்கிறது.

லீட் சரியாகத்தான் இருக்கிறது. சொல்லிவிட்டேன், வாயால், ஒரு ஆளிடம். இப்போது அது அடுத்த இடத்துக்குப் போகிறது, நான் தடுத்தாலும். செம்பாவுக்கு ஒருதரம் சரியாக வரவில்லை. எட்டு வருடத்துக்கு முன்னால், ஒன்பதாம் வகுப்பு, மாவட்டப் போட்டிக்குப் போக உடல்தகுதிச் சான்று வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து இருபத்துமூன்று பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு வந்தார் பி.டி டீச்சர். பத்து மணிக்கு பஸ். செம்பா எனக்கு முன்னால் வந்து, “சார், எனக்கு எப்ப சார்?” என்றாள், மற்ற பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன. “வரிசையில வாங்க மேடம்” என்றேன். அவள் முறை வந்தது. சீட்டை இழுத்தேன். என் சீட்டு. அதாவது என்னுடையதைப் போலவே, சின்ன எழுத்தில் அச்சடித்த மாதிரி, அதே கிணறு, ஆழம் மட்டும் குறைவு. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். டாக்டரிடம் போனால் பிடித்து வைப்பார், எக்கோ எடு என்பார், பஸ் போய்விடும், பிள்ளை அழும். என் கை ஆகாது, வீட்டாருக்கு நான் வைத்தால் இறங்கிவிடும், என்று. இழுங்க, விடுங்க, நிறுத்துங்க. நான் வைத்தால். நிறுத்தியிருக்கிறேன். எண்ண மறந்துவிட்டேன். நான் வைக்கவில்லை. பொம்பிளைப் பிள்ளைகளுக்கு நாங்கள் வைப்பதில்லை, திரைக்கு உள்ளே நர்ஸ் வைப்பார், நாங்கள் வெளியே மெஷினோடு நிற்போம். அன்றைக்கு வைத்தது ரோஸ்மேரி சிஸ்டர். முப்பது வருட சர்வீஸ், கண்ணை மூடிக்கொண்டு வைத்தாலும் தப்பாது. செம்பாவுக்கு முன்னால் வந்த பதினாறு பிள்ளைகளுக்கும் அதே கை, அதே மெஷின், அழகான கோடு. பின்னால் வந்த ஆறு பேருக்கும். நான் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். என் கை அங்கே இல்லவே இல்லை. எட்டு வருடமாக என் கையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன், எவ்வளவு சௌகரியமான குற்றவாளி, கூடவே இருக்கிறது, எதிர்த்துப் பேசாது. மூச்சு விடலாம் சார், விடுங்க சார், சார். விட்டேன். அப்படியென்றால் அன்றைக்கே தெரியுமா. தெரியும் என்று சொல்ல முடியவில்லை. தெரியாது என்றும். அடுத்து வந்த பிள்ளைக்கு இரண்டு சீட்டு இழுத்தேன், ஒன்றில் அவள் பெயரை எழுதினேன், இன்னொன்றில் என் மகள் பெயரை எழுதினேன். தெரியாதவன் அப்படிச் செய்ய மாட்டான். எடுக்கிறது எங்கள் வேலை, படிக்கிறது டாக்டர் வேலை என்பது எங்கள் டிபார்ட்மெண்டில் சொல்வது. நான் படித்தேன். படித்ததால்தான் மாற்றினேன். டாக்டர் இருபத்துமூன்று சீட்டையும் ஒரே மூச்சில் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். செம்பா பஸ் ஜன்னலிலிருந்து கையாட்டினாள். வெள்ளி மெடல் வாங்கிக்கொண்டு வந்தாள். மூன்று வருடம் கழித்து, பிளஸ் டூ படிக்கும்போது, கோட்டைத் தாண்டியதும் விழுந்துவிட்டாள் என்று உலகு போன் பண்ணினாள். “வெறும் வயித்துல ஓடிருக்கா, சொன்னா கேக்காளா.” வெறும் வயிறுதான் என்றேன் நானும். நம்பர் தெரியாத இன்னொரு லாரி.

முடிந்தது என்றாள். எழுந்து உட்காரும்போது தலை சுற்றியது, இரண்டு நிமிடம் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருக்கச் சொன்னாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் திரையில் என்னுடைய படம் அணையாமல் இருந்தது, இங்கிருந்து சரியாகத் தெரியவில்லை. “வெள்ளையா இருக்கா?” என்று கேட்டேன். லீட்களை உரித்துக்கொண்டே, “நாங்க எடுக்கிறவங்கதான சார். டாக்டர்தான் படிக்கணும். ரிப்போர்ட்டு நாளைக்குச் சாயங்காலம்” என்றாள். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. நானும் நோயாளிகளிடம் இதைச் சொல்லும்போது மெஷினைத்தான் பார்ப்பேன். சாவியைக் கொடுத்தாள். மோதிரம், வாட்ச், போன். நாலு இருபது. வெளியே வந்து வரிசையாகக் கிடந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தேன். போனில் செம்பாவின் பெயருக்கு நேரே கடைசியாகப் பேசியது பொங்கலன்று என்று இருந்தது, ஒரு நிமிடம் பன்னிரண்டு வினாடி. அப்புறம் பாக்கலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. ரிப்போர்ட் வரட்டும், நாளை சாயங்காலம் உறுதியாகத் தெரிந்துகொண்டு. நாளை சாயங்காலம் ரிப்போர்ட் தாமதமாகும். தாமதமாகாவிட்டாலும் நான் தாமதமாக்குவேன். அமுக்கினேன்.

எடுத்தவுடன் மூச்சு வாங்கும் சத்தம்தான் கேட்டது. பிறகு, “சொல்லுங்க. என்ன இந்நேரத்துல?”

“எங்க இருக்க?”

“கிரவுண்டுல. நாளன்னைக்கு எனக்கு ஓட்டம். அது தெரியுமா, தெரியாதா?”

“தெரியும். ஓடாத.”

சிரித்தாள், அவள் அம்மா மாதிரியே, மூக்கால். “மாமா சொன்னாரு. ஏழு வருஷமா என்ன ஏதுன்னு கேக்காத மனுசன் கடைசி நேரத்துல வந்து, பொம்பளப் பிள்ளைக்கு போலீஸ் எதுக்குன்னு நிப்பாரு பாருன்னு. சொன்ன மாதிரியே வந்துட்டீங்க.”

“அது இல்ல ஏட்டி. ஒம்பதாப்பு படிக்கும்போது மீட்டுக்கு சர்ட்டிபிகேட் வாங்க வந்தீங்கல்லா, நான் ஈ.சி.ஜி எடுத்தேன்.”

“ஆமா. அதுக்கென்ன?”

“உன் பேரு எழுதியிருந்த சீட்டு உன்னோடது இல்ல.”

அவள் பக்கத்தில் யாரோ விசில் ஊதினார்கள். செம்பா, அடுத்த ரவுண்டு, என்று ஒரு பெண் குரல் கூப்பிட்டது.

“பின்ன யாரோடது?”

“உனக்குப் பின்னால நின்ன பிள்ளையோடது.”

“சஹானாவோடதா?”

“பேரு மறந்துட்டு.”

“சஹானாதான். நீளம் தாண்டுவா. அப்ப என்னுது?”

“என்னுது மாதிரியே இருந்துச்சு. அப்ப எனக்கு என்னன்னு தெரியாது. இப்ப தெரியும். இதயத்துல தசை தடிச்சிருக்கு. தழும்பு இருக்கான்னு பாக்க இன்னைக்கு ஸ்கேன் எடுத்தாங்க, இப்பத்தான் வெளிய வாரேன். பெத்தவங்களுக்கு இருந்தா பிள்ளைங்களுக்கும் வரலாம். ஓடும்போதுதான் அது ஆபத்து. நீ பிளஸ் டூல விழுந்தியே, அது வெறும் வயிறு இல்ல.” அப்பாவைப் பற்றியும் சொன்னேன், லாரியைப் பற்றியும். இவ்வளவு வாக்கியங்களை நான் அவளிடம் தொடர்ச்சியாகச் சொன்னதில்லை. எதிர் நாற்காலியில் இருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்தாள், அவளுடன் வந்தவரும் பார்த்தார்.

“எட்டு வருஷம்” என்றாள் செம்பா. “எட்டு வருஷம் நான் தெனமும் ஓடியிருக்கேன்ப்பா.”

“ஆமா.”

“எத்தன தடவ போன்ல பேசினோம். சாப்ட்டியா, சாப்ட்டேன்னு.”

“ஆமா.”

“ஆமா ஆமாங்காதீங்க. இந்த வேலைக்கு எத்தன பிள்ள காத்துக்கிட்டு நிக்கு தெரியுமா? நாளன்னைக்குப் போகலன்னா அவ்வளவுதான். திருப்பிக் கூப்பிட மாட்டாங்க.”

“தெரியும். நாளைக்குக் காலைல வந்து ஈ.சி.ஜியும் எக்கோவும் எடுத்துரு. டாக்டர் ஒண்ணுமில்லன்னு எழுதிட்டா மறுநாள் போய் ஓடு. நானே வந்து நிக்கேன்.”

“யாரு எடுப்பா? நீங்களா?”

“இல்ல. நான் வெளிய இருப்பேன். பேரையும் அவங்களே எழுதுவாங்க.”

மறுபடியும் விசில். ஏட்டி என்ன ஆச்சு, என்று அந்தப் பெண் குரல் கிட்டத்தில் கேட்டது. போனைக் கையால் மூடியிருப்பாள், சத்தம் மங்கி மறுபடி தெளிந்தது. வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தேன். வினாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

“அங்க கூட யாரு இருக்கா?” என்றாள்.

“யாரும் இல்ல.”

“ஸ்கேனுக்கும் தனியாவா போனீங்க?”

“ம்.”

அவளுக்கு மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது. நான் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன், ஒரு ரவுண்டு ஓடினவளுக்கு இவ்வளவு நேரம் வாங்குமா, வாங்கலாம், வாங்கக் கூடாது. “செம்பா, வேகமா நடக்காத. ஓட்டத்த நிப்பாட்டிட்டியா?”

“நிப்பாட்டிட்டேன்.”

“இப்ப எங்க நிக்க?”

“நிக்கல. லைன் மேலயே உக்காந்துட்டேன்.”

போனை வைக்காத என்றேன். அவள் வைக்கவில்லை.